கரம் தீர்த்தவருக்கே வாக்கு

வட்டக்கோட்டை மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னையும் மலையும். மார்த்தாண்ட வர்மா காலத்தில் தளபதி டிலெனாய் மேற்பார்வையில் உருவான திருவிதாங்கூர்க் கோட்டை இது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பது பலருக்கும் தெரியும். அங்கே யாருக்கு வாக்கு இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. சாயா குடித்தபடியே அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

திருவிதாங்கூர் 1888இலேயே சட்டசபை கண்ட சமஸ்தானம். 1932இல் மன்னர் அதை ஸ்ரீமூலம் சபை, ஸ்ரீசித்திரா கவுன்சில் என்று இரண்டு அவைகளாக்கினார். வாக்குரிமைக்கு முக்கியத் தகுதி கரம், அதாவது நிலவரி. குறிப்பிட்ட அளவு கரம் தீர்த்தவர் பெயர்தான் பட்டியலில் ஏறும்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். அந்தச் சட்டத்தில் எந்தச் சாதியின் பெயரும் இல்லை. தகுதி இருந்தால் பெண்களும் வாக்களிக்கலாம். அப்படியானால் எல்லோருக்கும் பொதுவான சட்டம்தானே என்று தோன்றும். ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு யாரும் வரலாம், ஆனால் அவரவர் தோட்டத்து வாழையிலையை அறுத்துக்கொண்டு வர வேண்டும் என்று சொன்னால் எப்படி இருக்கும்? யாரையும் வராதே என்று சொல்லவில்லை. தோட்டம் இல்லாதவருக்கு மட்டும் சோறு இல்லை.

நிலம் யாரிடம் இருந்தது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். நாஞ்சில் வயல்கள் பெரும்பாலும் வேளாளர், பிராமணர், கோயில்கள் கையில். பனையேறியவர் பலர் ஏறியது அடுத்தவர் பனையில். கடலுக்குப் பட்டா கிடையாது. மீனவர் எவ்வளவு உழைத்தாலும் அவர் பெயருக்குக் கர ரசீது வராது. வடக்கேயும் இதே நிலைதான். நாயர்களும் ஈழவர்களும் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமம். சபை இடங்களிலோ சமமே இல்லை.

1932 டிசம்பரில் ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் அமைப்புகள் கூட்டு அரசியல் காங்கிரஸ் என்று ஒன்றுசேர்ந்தன. சி. கேசவன், டி.எம். வர்க்கீஸ், பி.கே. குஞ்ஞு, என்.வி. ஜோசப் முன்னணியில் நின்றார்கள். மக்கள்தொகைக்கேற்ற இடம் கேட்டு, 1933 தேர்தலைப் புறக்கணித்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று அதற்குப் பெயர். ஈழவர்களின் எஸ்.என்.டி.பி. யோகத்துக்கும் தேவாலயங்களுக்கும் ஊர் ஊராக ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். பேச்சாளர்கள் மட்டும் இருந்து, வீடு வீடாகப் போக ஆள் இல்லாமல் போயிருந்தால் அந்தப் புறக்கணிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

1935இல் கோழஞ்சேரியில் பேசிய பேச்சுக்காகக் கேசவன் சிறை போனார். மறு ஆண்டு அரசு வரி வரம்பைத் தாழ்த்தி, விடுபட்ட சமூகங்களுக்கு இடங்களும் ஒதுக்கியது. 1937 தேர்தலில், புறக்கணித்தவர்களே போட்டியிட்டு வென்றார்கள்; வர்க்கீஸ் சபையின் துணைத் தலைவரானார். 1948 பிப்ரவரியில் கரம் என்ற நிபந்தனையே போய், வயதுவந்த எல்லோரும் வாக்களித்தார்கள். இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் முன்னதாக நடந்தது இது. அதில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களைப் பிடித்தது. கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைய நேசமணி நடத்திய போராட்டத்துக்கு அந்த வாக்குகள் பெரிய பலம்.

இன்று கர ரசீதை யாரும் கேட்பதில்லை. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவே. வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. 2025இல் தமிழ்நாட்டில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், வீட்டில் இல்லாதவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். நம் கடற்கரையில் மாதக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் உண்டு. தற்காலிகமாக வெளியே போனதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லை என்று ஆகிவிடாது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. உங்கள் பெயரைத் தேடும்போது, கடலுக்குப் போயிருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் பெயரையும் தேடுங்கள். இல்லாவிட்டால், அவர் கரை திரும்பியதும் படிவம் 6ஐ நிரப்ப உடனிருந்து உதவுங்கள்.