கோதுமை ஆகாதவர்கள் என்ன சாப்பிடலாம்?

ஒரு கைப்பிடி மைதா மாவை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருண்டையாக்குங்கள். கால் மணி நேரம் ஊறிய பிறகு, ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசைந்துகொண்டே இருங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டி வேறு தண்ணீர் மாற்றுங்கள். தண்ணீர் தெளியும்வரை இப்படிச் செய்தால், கடைசியில் கையில் மிஞ்சுவது மாவாக இராது. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் ரப்பர் போன்ற ஒரு பொருள்தான் மிஞ்சும். இதற்குப் பசையம் என்று பெயர். குளூட்டன் என்றும் சொல்வார்கள். வெளுத்த தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் கரைசலை விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் அதில் கரைந்து வந்தது மாவுச்சத்து என்று தெரிந்துகொள்ளலாம்.

இதே சோதனையை அரிசி மாவில் செய்தால் உருண்டை முழுவதும் கரைந்து போகும். கையில் ஒன்றும் தங்காது.

கோதுமை மாவை இவ்வாறு கழுவிப் பசையத்தைப் பிரித்தெடுத்தவர் இத்தாலியின் பொலோஞா நகரைச் சேர்ந்த பெக்காரி என்ற அறிஞர். அவர் 1728இல் இதை அறிவித்தார். பசையம் ஒரே பொருள் அன்று. கிளையடின், குளூட்டனின் என்ற இருவகைப் புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உண்டாகும் வலை அது. பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசிக் காகிதம்போல் மெல்லியதாக இழுக்கிறாரே, கிழியாமல் தாங்குவது இந்த வலைதான். ரொட்டி உப்புவதும் இதனால்தான். ஈஸ்ட் உண்டாக்கும் வாயுவை வலை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அரிசியில் இந்த வலை இல்லாததால்தான் கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கொதிக்கும் நீரை ஊற்றி மாவு கிளறுகிறோம். அங்கே பசையாக நின்று மாவைப் பிடிப்பது வெந்த மாவுச்சத்து.

இவ்வளவு பயனுள்ள புரதம் சிலருடைய உடலுக்கு மட்டும் ஆகாது. அவர்களுக்கு வரும் நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர். நோய் கண்ட குழந்தைக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு இருக்கும். வயிறு ஊதி, கைகால் மெலிந்து, வளர்ச்சி நின்றுவிடும். சிலருக்கு வயிற்றுத் தொல்லையே இல்லாமல், இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத சோகையாகவோ, ஓயாத வாய்ப்புண்ணாகவோ வெளிப்படலாம்.

லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888இல் இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். இதற்கு மருந்து உண்டென்றால் அது உணவாகத்தான் இருக்கும் என்று அவர் கருதியது முற்றிலும் சரி. ஆனால் எந்த உணவு என்பதில்தான் வேடிக்கை. அரிசியும் ஜவ்வரிசியும் கூடாது என்றார். மெல்லிய துண்டுகளாக்கி இருபுறமும் வாட்டிய ரொட்டி நல்லது என்றார்! குற்றவாளியை வீட்டுக்குள் விட்டு, நிரபராதியை வெளியே நிறுத்திய கதை. அவர் காலத்தில் அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை.

வழி கண்டவர் வில்லெம் கரெல் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். ஹேக் நகர மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, 1930களிலேயே அவருக்குக் கோதுமைமேல் ஐயம் எழுந்தது. 1944ஆம் ஆண்டு இறுதியில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவு வருவது தடைப்பட்டது. ரொட்டி கிடைக்காமல் மக்கள் துலிப் மலர்க் கிழங்குகளைத் தின்றார்கள். நாடே மெலிந்த அந்தக் கொடிய குளிர்காலம் டிக்கேயின் ஐயத்துக்கு மேலும் வலுச் சேர்த்தது. போர் முடிந்த பிறகு அவர் நோயுற்ற குழந்தைகளுக்குக் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் எடையைக் குறித்து வந்தார். 1950இல் அதை ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார். பின்னர் வைஜர்ஸ், வான் டி காமர் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு, நீங்கள் கிண்ணத்தில் செய்த சோதனையின் தொடர்ச்சி எனலாம். கோதுமையிலிருந்து மாவுச்சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்தால் குழந்தைக்குத் தீங்கு இல்லை. பசையத்தைக் கொடுத்தால் நோய் திரும்பியது.

பசையம் உள்ளே போய் என்ன செய்கிறது? சிறுகுடலின் உட்சுவரில் ஒரு மில்லிமீட்டர் உயரம்கூட எட்டாத விரல் போன்ற நீட்சிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. இவை குடலுறிஞ்சிகள். செரித்த உணவு இவற்றின் வழியேதான் இரத்தத்தில் சேர்கிறது. பிற புரதங்களை நம் நொதிகள் அமினோ அமிலங்களாக நறுக்கிவிடுகின்றன. கிளையடினில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதி. அந்த இடங்களில் நொதியின் கத்தி சரியாக இறங்குவதில்லை. எனவே சில துண்டுகள் அறுபடாமல் மிஞ்சுகின்றன. நம்மில் பெரும்பாலோருக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. குறிப்பிட்ட சில மரபணுக்களைப் பெற்றவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் இந்தத் துண்டுகளைப் பகைவரென்று எண்ணிப் போர் தொடுக்கின்றன. போர்க்களம் அவர்களுடைய சொந்தக் குடல். உறிஞ்சிகள் தேய்ந்து, பயிர் நின்ற வயல் அறுவடைக்குப் பின் தெரிவதுபோல் குடற்சுவர் மொட்டையாகிறது. எவ்வளவு நல்ல உணவு உண்டாலும் சத்து உடம்பில் ஒட்டாமல் வெளியேறிவிடும்.

பசையத்தை அறவே நிறுத்தினால் உறிஞ்சிகள் மெல்ல மீண்டும் முளைக்கின்றன. இன்றுவரை இதற்கு வேறு சிகிச்சை இல்லை. வாழ்நாள் முழுவதும் அப்படியே உண்ண வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. ஐயம் வந்தவுடன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போகக் கூடாது. இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைக் கொண்டுதான் நோயைக் கண்டறிகிறார்கள். கோதுமையை நிறுத்திவிட்டால் அதுவும் குறைந்து, சோதனை ஏமாற்றிவிடும்.

இந்தியாவில் இந்நோயைப் பற்றி 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு சுவையானது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்கிறார். தெற்கே 25 கிராம்தான். நோய்க்கு இடம் தரும் மரபணுக்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. ஆனால் நோயோ வடக்கே ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரிடமும், தெற்கே மிகச் சிலரிடமும் மட்டுமே காணப்பட்டது. நமக்கு இது நல்ல செய்திதான். ஆயினும் அரிதான நோய் என்பதாலேயே இங்கே அது எளிதில் யாருக்கும் நினைவுக்கு வராது. குழந்தையின் வளர்ச்சிக்குரிய ஆண்டுகள் வீணாகக் கழிந்துவிடக்கூடும்.

நோய் உள்ளவருக்கு எவ்வளவு பசையம் அதிகம்? ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் பசையம் இருக்கிறது. நாள்தோறும் 50 மில்லிகிராம், அதாவது அந்தத் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு, மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் கெடும் என்று சோதனையில் கண்டிருக்கிறார்கள். அதனால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதைப் ‘பசையம் அற்றது’ என்று விற்கக் கூடாது என 2008இல் உலக அளவில் விதி வகுத்தார்கள். இந்தியாவிலும் அதே அளவுதான். 20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை!

இனி சமையலறைக்குள் போவோம். கோதுமை, வாற்கோதுமை என்னும் பார்லி, குளிர்நாடுகளில் விளையும் ரை ஆகிய மூன்றும்தான் விலக்க வேண்டியவை. ரவை, மைதா, சேமியா எல்லாம் கோதுமையே. பார்லியை முளைக்கட்டிச் செய்யும் மால்ட் கலந்த சத்துப் பானங்களையும் மறந்துவிடக் கூடாது. ஓட்ஸில் பெரும்பாலும் கோதுமை கலந்தே வருகிறது. மற்றபடி அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, எல்லாப் பருப்பு வகைகள், மரவள்ளிக் கிழங்கு, ஜவ்வரிசி யாவும் உண்ணத் தகுந்தவை. இட்லி, தோசை, அடை, ஆப்பம், புட்டு, பொங்கல், கம்பங்கூழ் என்று அடுக்கிப் பாருங்கள். வெளிநாட்டில் இந்நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்துத் தனி ரொட்டி தேடி அலைகிறார்கள். நம் வீட்டுக் காலைப் பலகாரமோ இயல்பாகவே அவர்களுக்கு ஏற்றது.

பொருளில் இல்லாத தொல்லை அது கடந்து வரும் வழியில் இருக்கிறது. மாவு மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துப் போயிருக்கிறார். இயந்திரத்துக்குள் தங்கிய 50 கிராம் கோதுமை மாவு உங்கள் 5 கிலோ கேழ்வரகில் கலந்ததாக வைத்துக்கொள்வோம். 50 கிராமில் பசையம் ஏறத்தாழ 5 கிராம். அதாவது ஒரு கிலோவுக்கு 1000 மில்லிகிராம்; அனுமதித்த அளவைப் போல் ஐம்பது மடங்கு! எனவே கேழ்வரகை வீட்டிலேயே மிக்சியில் அரைப்பதோ, கோதுமை போடாத மில்லில் அரைப்பதோதான் சரி. சப்பாத்தி போட்ட கல்லில் தோசை வார்ப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் இதே கதைதான். நெருப்பில் காய்ந்தால் பசையம் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். கிருமி சாகும், பசையம் கிருமி அன்று. தேய்த்துக் கழுவி அகற்றுவதே வழி. சப்பாத்திக்கு ஒரு கல், தோசைக்கு ஒரு கல் என்று பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

பெருங்காயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் விற்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரம் மிகுந்த பிசினோடு கோந்தும் மாவும் சேர்த்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். அந்த மாவு பல சமயம் மைதாவாக இருக்கும். ஒரு பானை சாம்பாரில் ஒரு சிட்டிகை பரவும்போது அளவு குறைவுதான். மாவு மில்லைப் போல் அது பெரிய ஆபத்து அன்று. ஆனாலும் சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், முறுக்கு என்று ஒன்றுவிடாமல் சேர்கிறதே! அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைப்பதால் அதையே வாங்கிவிடலாம்.

ஓட்டலில் என்ன செய்வது? சர்வரிடம் “குளூட்டன் இருக்கிறதா?” என்று கேட்டால் அவர் விழிப்பார், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த “இல்லை” என்பார். “இதில் கோதுமை, மைதா, ரவை சேருமா? சேர்ந்தால் எனக்கு உடம்புக்கு ஆகாது” என்று கேளுங்கள், சரியான விடை வரும். ஆவியில் வெந்த இட்லியும் அரிசி இடியாப்பமும் ஓட்டலில் மற்றவற்றைவிட நம்பத் தக்கவை. தோசையைக் கேட்குமுன், பரோட்டாவும் அதே கல்லிலா என்று விசாரிக்க வேண்டும். ரவா தோசை பெயரிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பஜ்ஜி கடலை மாவுதான் என்றாலும் மொறுமொறுப்புக்காக மைதா கலப்பவர் உண்டு. மைசூர் போண்டாவும் வறுத்த காலிபிளவரும் அப்படியே. சீன உணவு வகைகளில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை உண்டு என்பது பலருக்கும் தெரியாது.

கல்யாணப் பந்தியில் கேசரியையும் சேமியாப் பாயசத்தையும் ஒதுக்கினால், சோறு, கூட்டு, பொரியல், தயிர், வாழைப்பழம் என்று நிறையவே மிஞ்சும். பரிமாறுகிறவர் பூரி எடுத்த கையாலேயே சோறு வைக்கக்கூடும் என்பதால் முதல் பந்தியில் உட்காருவது நல்லது. பள்ளியில்தான் சங்கடம் அதிகம். பிறந்தநாளுக்குக் கேக்கும் பிஸ்கட்டும் கொடுக்கும் வழக்கத்தால், ஒரு பிள்ளை மட்டும் கையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. “ஒரு வாய்தானே, ஒன்றும் ஆகாது” என்று வற்புறுத்துகிறவர்களுக்கு அந்த ஓர் அரிசி எடைக் கணக்கைச் சொல்லலாம். கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் கொடுத்தால் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து தின்னலாம்.