வீட்டு ஒலிப்பதிவும் ஒலி உரப்பும்

எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் ஆராய்வதற்கென்றே தொல்காப்பியர் ஓர் இயலை வகுத்தார். எழுத்தொலியின் நீட்டத்தை மாத்திரை கொண்டு அளந்தார். ஆயின் ஒரு குரல் எத்துணை உரக்க ஒலிக்கிறது என்பதை அளக்கும் அலகு நம் இலக்கணத்தில் இடம்பெறவில்லை. பாடுவோனும் கேட்போனும் ஒரே முற்றத்தில் இருந்த காலத்தில் அதற்குத் தேவையும் எழவில்லை. இன்றோ பாடுவோர் ஓரிடம், கேட்போர் வேறிடம். இடையே நிற்பது கணிப்பொறி. எனவே உரப்பு என்பது தமிழ் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகிவிட்டது.

நாட்டுப்புறவியல் களப்பணிக்குச் செல்லும் நம் துறை மாணவர்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்துவந்து, வீட்டிலேயே செம்மைப்படுத்துகின்றனர். அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கப்பெற்று 2000-இல் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். ரீப்பர் என்னும் மென்பொருளை 60 நாள்கள் பயன்படுத்திப் பார்த்த பின்னர் விலை செலுத்தலாம். கருவிக்குக் குறைவில்லை. எனினும் மாணவர் அனைவரும் கேட்கும் வினா ஒன்றே: "ஐயா, கடையில் வாங்கும் பாட்டு மட்டும் உரக்கக் கேட்கிறதே, எங்கள் பதிவு ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது?"

இவ்வினாவுக்கு விடை தெரியாமல் யான் செய்த பிழையை முதலில் கூறிவிடுகிறேன். தாயைப் பெற்ற பாட்டியை எங்கள் வீட்டில் நன்னி என்று அழைப்போம். 2013-இல் என் நன்னி பாடிய ஏழு தாலாட்டுகளை மடிக்கணினியில் பதிந்தேன். எண்பதைக் கடந்த குரல். மிக மெலிவாகப் பதிவாகியிருந்தது. வெளிநாட்டிலிருந்த உறவினர் கைப்பேசியில் கேட்பதற்காக, ஆடாசிட்டியில் ஒலியைப் பெருக்கும் கட்டளையைத் திறந்தேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது இசையவில்லை. 'கிளிப்பிங்கை அனுமதி' என்றொரு கட்டம் இருந்தது. பொருள் அறியாமல் அதைக் குறியிட்டேன். ஒலி பெருகிற்று. மகிழ்ந்து, பழைய கோப்பின் பெயரிலேயே சேமித்தும் விட்டேன். நன்னி குரலை உயர்த்தி இழுக்கும் இடங்களிலெல்லாம் இப்போது தகரத்தைச் சுரண்டுவது போன்ற கரகரப்பே கேட்கிறது. மறு ஆண்டு நன்னி மறைந்தார். மீண்டும் பாடச் சொல்ல வழியில்லை.

நடந்தது யாதெனில், எண்முறைப் பதிவில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. குறுவட்டின் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியலையின் உயரம் அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. உச்சப் படிக்குப் பெயர் சுழியம் டெசிபெல். அதற்குக் கீழுள்ளவை −3, −12, −24 என எதிர்க்குறியுடன் எழுதப்படும். சுழியத்துக்கு மேல் எண்ணே இல்லை. அதற்குமேல் எழ முயலும் அலையின் முகடு வெட்டப்பட்டுத் தட்டையாகிறது. இதுவே கிளிப்பிங். ஆடாசிட்டி தன் பணித்தாளுக்குள் 32 பிட் மிதவை எண்களைக் கையாள்வதால் அங்கே இருக்கும்வரை மிகுந்த முகடும் மறைந்துவிடாது, குறைத்தால் திரும்பிவிடும். 16 பிட் கோப்பாக வெளியே எழுதும்போதுதான் வெட்டு நிலைபெறுகிறது. யான் வெளியே எழுதியதோடு மூலத்தையும் அழித்தேன்.

இனி உரப்புக்கு வருவோம். முகட்டின் உயரம் வேறு, செவி உணரும் உரப்பு வேறு. ஒரு கணமே தோன்றி மறையும் முகட்டைச் செவி பெரிதாகக் கொள்வதில்லை. சிறிது நேரத்துக்குரிய சராசரியையே அது உரப்பாக உணர்கிறது. ஒரு பாடலின் சராசரி −26 என்று கொள்வோம். 'பச்சை' என்னும் சொல்லின் முதற் பகரம் ஒலிவாங்கியில் மோதியதால் ஒரே ஓர் இடத்தில் முகடு −2 வரை எழுந்துவிட்டது. கூரைக்குக் கீழே −1-இல் நிறுத்த விரும்பினால், அந்த ஒற்றைப் பகரத்தின் பொருட்டுப் பாடல் முழுவதையும் 1 டெசிபெல் மட்டுமே உயர்த்த இயலும். அம்முகட்டை மட்டும் 6 டெசிபெல் தாழ்த்தினால், மற்ற முகடுகளும் அதற்குக் கீழே இருக்கும்வரை, பாடல் முழுவதையும் 7 டெசிபெல் உயர்த்தலாம். சராசரி −19 ஆகும். 10 டெசிபெல் ஏற்றம் ஏறத்தாழ இருமடங்கு உரப்பாகச் செவிக்குத் தோன்றும் என்பர். ஆகவே 7 என்பது சிறிய ஆதாயம் அன்று. உரக்க ஒலிக்கும் பதிவின் மறைபொருள் இவ்வளவே.

இப்பணியைச் செய்பவை பிளக்-இன் எனப்படும் செருகுநிரல்கள். முன்னாளில் ஒலிப்பதிவுக் கூடங்களில் இவை இரும்புப் பெட்டிகளாக இருந்தன. 1967-இல் வெளிவந்த 1176 என்னும் பெட்டி அவற்றுள் பெயர் பெற்றது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஸ்டைன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் மென்பொருளுடன் வி.எஸ்.டி. என்னும் பொது முறையை 1996-இல் வெளியிட்டது. ஒருவர் எழுதிய நிரலைப் பிறர் மென்பொருளிலும் செருகிப் பயன்படுத்தலாம் என்னும் நிலை அதனால் பரவியது. பெட்டி வாங்க இயலாதவரும் அதன் வேலையைப் பெற்றனர். ஆயினும் விலை கொடுத்துச் செருகுநிரல்களைக் குவித்துக்கொள்வது வீண் என்பதே என் கருத்து. ரீப்பருடன் வரும் ரியாஈக்யூ, ரியாகாம்ப், ரியாலிமிட் ஆகிய மூன்றும் நம் பணிக்குப் போதும்.

முதலில் ஈக்வலைசர். நம் வீடுகளில் மின்விசிறியின் அதிர்வும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் பதிவில் புகுந்துவிடுகின்றன. அவை பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் கூரைக்குக் கீழுள்ள இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை நீக்கிவிட்டால் பாடும் குரலுக்கு இழப்பில்லை. உயர்த்துவதற்கு இடமும் கிடைக்கிறது.

அடுத்து கம்ப்ரசர். வாசல் அளவு −18, விகிதம் மூன்றுக்கு ஒன்று எனக் கொண்டால், −6 வரை எழும் ஒலி வாசலைக் கடந்த 12 டெசிபெல், 4 ஆகச் சுருங்கி −14-இல் நிற்கும். இதில் எண்களைவிட நேரமே முதன்மையானது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் பாகுபாட்டை அறிந்த தமிழ் மாணவர் இதனை எளிதில் உணரலாம். வல்லெழுத்து அடைத்துத் திறக்கும் வெடிப்பு மில்லி நொடிக் கணக்கில் முடிந்துவிடும். கம்ப்ரசர் விழித்தெழும் நேரத்தை ஒரு மில்லி நொடிக்கும் குறைவாக வைத்தால் அவ்வெடிப்பு மழுங்கி, 'பட்டு', 'கட்டு' போன்ற சொற்கள் வல்லோசை இழந்து குழைகின்றன. 30 மில்லி நொடி வைத்தாலோ வெடிப்பு முழுதும் தப்பிப் போய்விடும். உரப்பில் ஆதாயம் இராது. 5 முதல் 10 மில்லி நொடி வரை வைத்துச் செவியால் தேர்க. விட்டுவிடும் நேரமும் அவ்வாறே. அது மிகக் குறுகினால் பாடுவோர் மூச்சிழுக்கும் ஒலி ஒவ்வோர் அடிக்கு இடையிலும் பொங்கியெழும். மிக நீண்டால், வல்லெழுத்தைத் தொடர்ந்து வரும் மகர, னகர ஈறுகள் எழும்பாமல் அமுங்கும். 100 முதல் 200 மில்லி நொடி பொருந்தும். தாலாட்டில் அடிதோறும் ஈற்றிலே நிற்கும் மெல்லெழுத்துகள் தெளிவாகக் கேட்பின் அமைப்பு சரியென்று கொள்ளலாம்.

இறுதியில் லிமிட்டர். இதன் கூரையை −1-இல் வைத்து, மிக உரத்த இடங்களில் மட்டும் 2 அல்லது 3 டெசிபெல் அளவே அது அமுக்குமாறு பார்த்துக்கொள்க. 1 டெசிபெல் இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. அளவெடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே மெய்யான அலை இன்னும் சற்று உயரக்கூடும், எம்.பி.3 போன்ற வடிவுக்குச் சுருக்கும்போதும் முகடுகள் எழும்.

செவி நம்மை ஏமாற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி மெலியும்போது தாழ்ந்த அதிர்வுகளைச் செவி பெரிதும் தவறவிடுகிறது. உரப்புக் கூடினால் அவையும் எழுந்து, ஒலி நிறைவாகத் தோன்றும். ஆதலால் எந்தச் செருகுநிரலைப் போட்டாலும், அது உரப்பைக் கூட்டியிருந்தால், நன்றாகிவிட்டதென்றே நாம் மயங்குவோம். செருகுநிரலின் வெளியீட்டைக் குறைத்து இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, அதனை நிறுத்தியும் இயக்கியும் ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் நாம் செய்தது நலமன்று, ஓசை மட்டுமே என்பது அப்போது புலப்படும்.

இம்மயக்கத்துக்கு இசைத்தொழிலே ஆட்பட்டது. வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்னும் லிமிட்டர் 1994-இல் வந்த பின்னர், மேலைநாட்டு இசைத்தட்டுகள் ஒன்றையொன்று விஞ்ச முயன்றன. 2008-இல் மெட்டாலிகா குழுவினரின் டெத் மேக்னெட்டிக் வெளிவந்தபோது, அதே பாடல்கள் கித்தார் ஹீரோ என்னும் விளையாட்டில் நசுக்கப்படாமல் தெளிவாக ஒலிப்பதைக் கேட்டு இரசிகர்களே குறைகூறினர். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் சராசரி உரப்பை அளக்கும் முறையை வகுத்தது. அதன் அலகு எல்.யு.எஃப்.எஸ். எனப்படும். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் 2010-இல் −23 என்னும் அளவை ஏற்றது. ஸ்பாட்டிஃபை ஏறத்தாழ −14-ஐ அளவாகக் கொண்டு அதனினும் உரத்தவற்றைத் தானே தாழ்த்துகிறது; யூடியூபும் உரத்தவற்றைத் தாழ்த்துகிறது. −8 வரை நசுக்கி அனுப்பியவருக்கு உரப்பும் மிஞ்சவில்லை, வெடிப்பும் மிஞ்சவில்லை. களப்பணிப் பதிவுக்கு −18 முதல் −16 வரை போதுமானது என்பது என் துணிபு.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ப் பதிவு நன்றாயிருத்தல் வேண்டும். 24 பிட்டில் பதிக. முகடு −12 அளவில் நிற்கட்டும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே நீட்டாமல் ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பகரத்தின் காற்று அதன்மேல் மோதாது. விசிறியை அந்தச் சிறிது நேரம் நிறுத்துக. முதியவர் பாடினால் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி தருக. மூலக் கோப்பை வேறு பெயரில் இரண்டு இடங்களில் வைத்துவிட்டு, படியின் மீதே கைவைக்க. 2022-இல் வெளிவந்த 3.2 பதிப்பு முதல் ஆடாசிட்டியிலும் மூலத்தை மாற்றாமல் செருகுநிரலை இயக்கிக் கேட்க முடிகிறது. அது 2013-இல் இருந்திருக்கலாம்.

வெட்டுண்ட முகடுகளை அக்கம்பக்கத்து அலைகொண்டு ஊகித்து நிரப்பும் 'கிளிப் ஃபிக்ஸ்' என்றொரு கட்டளை ஆடாசிட்டியில் உண்டு. ஊகம் ஊகமே, இழந்த குரலை அது மீட்பதில்லை. நன்னியின் ஏழு பாட்டுகளுள் நான்கு, அதனால் ஓரளவு கேட்கும்படி ஆயின. எஞ்சிய மூன்றின் சொற்களை என் பெரியம்மா அருகிலிருந்து சொல்லச் சொல்லத் தாளில் எழுதி வைத்துள்ளேன்.