உங்களுக்குத் தெரியுமா? உரிவது வேறு, உரிப்பது வேறு

● ‘உரி’ என்ற ஒரு வேரிலிருந்து இரண்டு வினைகள் பிறக்கின்றன. தானாகக் கழன்றால் உரிகிறது; நாம் கழற்றினால் உரிக்கிறோம். கழன்ற தோலுக்கும் உரி என்றே பெயர். சிவன் போர்த்த யானைத் தோலைத் தேவாரம் ‘கரியுரி’ என்கிறது.

● பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து யூக்கலிப்டஸ் மரங்களைப் பாருங்கள். அடிமரம் பருக்கும்போது செத்துப்போன வெளிப்பட்டை அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் நீள நீளமாக உரிந்து தொங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும் காலம். அப்போது கீழே கிடக்கும் இந்தப் பட்டையில் ஒரு பொறி விழுந்தாலே போதும். லயத்து வாசலில் நிற்கும் கொய்யாவும் பட்டை உரியும் மரம்தான், ஆனால் சின்னச் சின்னச் செதிலாக.

● வெலிமடை உருளைக்கிழங்கைப் பச்சையாகச் சீவுகிறோம், அவித்தபின் உரிக்கிறோம். தோல் தன் எல்லையிலேயே பிரிந்து வந்தால் உரித்தல். எவ்வளவு போக வேண்டும் என்பதைக் கத்தி தீர்மானித்தால் சீவுதல். இந்த நுட்பமான வேறுபாட்டை நம் அடுக்களை இன்றுவரை பிசகாமல் காப்பாற்றி வருகிறது.

● இதே வேறுபாட்டில் ஒரு மரத்தின் உயிரே அடங்கியிருந்த காலமும் உண்டு. 1869இல் பதுளை மாவட்டத்து மடுல்சீமையில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு தென்பட்டது. இலங்கையில் அந்த நோய் முதலில் கண்டறியப்பட்ட இடம் அதுதான். கோப்பி அழிய, துரைமார் சிங்கோனாவை நட்டார்கள். அதன் பட்டையில்தான் காய்ச்சலுக்கான கொயினா இருக்கிறது. பட்டையை முழுதாக உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். நீலகிரியில் மெக்கைவர் என்பவர் ஒரு வழி கண்டார்: பட்டையைக் கீற்றுக் கீற்றாக, இடைவெளி விட்டு உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினார். இலங்கைத் தோட்டங்களில் பரவியதோ சீவும் முறை. மேல்பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுப்பார்கள். கட்டையை ஒட்டியுள்ள ஈரப் படலத்தில் கத்தி படக்கூடாது. அந்தப் படலம்தான் புதுப்பட்டையை வளர்ப்பது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கைகளுக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. அந்தக் கைத்திறனை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அப்படி மறுபடி வளர்ந்த பட்டையில் முதல் பட்டையைவிடக் கொயினாச் சத்து கூடுதலாக இருந்தது.