வரப்போர மரங்களும் சிறு விவசாயியும்

வடமதுரை வட்டாரத்துச் செம்மண் புன்செய்கள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. அம்மழையோ இப்பொழுது சில ஆண்டுகள் பொய்க்கிறது. சில ஆண்டுகள் ஒரே நாளில் கொட்டி மேல்மண்ணை வாரிச் செல்கிறது. சோளம் கருகிய ஆண்டிலும் வரப்பிலுள்ள புளியும் வேம்பும் நிற்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

வேளாண் காடுகளுக்கென நம் நாடு 2014இல் தேசியக் கொள்கை வகுத்தது. உலகில் இதுவே முதலாவது. தமிழ்நாட்டில் 2021-22இல் தொடங்கிய இயக்கத்தின்கீழ்க் கன்றுகள் இலவசமாக வழங்கப்பட்டன. பிழைத்து நிற்கும் கன்றுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் ஏழைக்குக் கன்றின் விலையன்று, காத்திருக்கும் காலமே பெருஞ்செலவு. தறியில் கூலி காணும் நெசவாளர் தம் துண்டு நிலத்தில் தேக்கு நட்டுப் பல்லாண்டு பொறுக்கலாம். விளைச்சலொன்றையே நம்பிய உழவர் என் செய்வார்? ஆதலால் வயல் முழுவதையும் மரத்திற்கு விடும்படி நாம் கூறோம். வரப்பில் மட்டும் நடுக. செடிமுருங்கை ஓராண்டுக்குள் காய்க்கும். மலைவேம்பு ஏழெட்டு ஆண்டில் விலைபோகும். புளி பிள்ளைகள் காலத்திற்கு. வெள்ளாட்டிற்கு இக்கணக்கெல்லாம் தெரியாது. கிளுவை வேலி முதலில் வேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன்பே குழி வெட்டி ஆறவிடுக. கன்றுகளைப் பற்றி வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரிக்கலாம். நட்ட மரங்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கூறி அடங்கலில் பதிந்துகொள்க; வெட்டும் காலத்தில் அப்பதிவு உதவும்.