பொது நாணயமும் கொள்கை ஒருங்கிணைப்பின் இடர்களும்

மாணவர்களே, 1999 ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் 11 நாடுகள் யூரோவைப் பொது நாணயமாக ஏற்றன. 2001 இல் கிறீஸ் இணைந்தது. 2002 இல் யூரோத் தாள்களும் குற்றிகளும் புழக்கத்திற்கு வந்தன. நாணயமாற்றுச் செலவு நீங்கியது, வர்த்தகம் இலகுவானது. இந்த நன்மைகளை எல்லோரும் எழுதிவிடுவீர்கள். புள்ளிகளை இழப்பது இடர்களை விளக்கும் இடத்திலேயே.

அடிப்படை விளக்கம்

யூரோ வலயத்தில் நாணயக் கொள்கை ஒன்று. இறைக் கொள்கைகள் பல. வட்டி வீதத்தை ஐரோப்பிய மத்திய வங்கி எல்லா நாடுகளுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கின்றது. வரி, அரச செலவு, கடன் என்பவற்றை ஒவ்வோர் அரசாங்கமும் தனித்தனியே தீர்மானிக்கின்றது. இவை இசையாதபோது மூன்று இடர்கள் தோன்றும்.

1. ஒரே வட்டி வீதம் எல்லோருக்கும் பொருந்தாமை

காய்ந்த வயலுக்கும் நிரம்பிய வயலுக்கும் ஒரே அளவு நீர் திறந்துவிட்டால் என்னவாகும்? 2003 யூன் முதல் 2005 டிசெம்பர் வரை வட்டி வீதம் 2% ஆக இருந்தது. மந்தமடைந்திருந்த ஜேர்மனிக்கு அது உதவியது. வேகமாக வளர்ந்த ஸ்பெயினிலும் அயர்லாந்திலும் வீட்டுக் கடனும் வீட்டு விலையும் அளவுமீறி உயர்ந்தன.

2. விதிகள் மீறப்படல்

பாதீட்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 3% இற்கும், அரச கடன் 60% இற்கும் மேற்படலாகாது என்பது விதி. 2003 இல் ஜேர்மனியும் பிரான்சும் 3% எல்லையை மீறின, தண்டம் விதிக்கப்படவில்லை. இதனால் விதியின் மதிப்புக் குறைந்தது. 2009 இல் கிறீஸின் பற்றாக்குறை முன்னர் அறிவிக்கப்பட்டதைவிட மிக அதிகம் எனத் தெரியவந்தது. திருத்திய கணக்கின்படி அது ஏறத்தாழ 15% ஆகும்.

3. ஒரு நாட்டின் நெருக்கடி பிற நாடுகளுக்குப் பரவல்

2010 மே மாதம் யூரோ நாடுகளும் சர்வதேச நாணய நிதியமும் கிறீஸுக்கு 110 பில்லியன் யூரோ கடனுதவி வழங்க இணங்கின. அதே ஆண்டில் அயர்லாந்தும், 2011 இல் போர்த்துக்கலும் உதவி கோரின.

கிறீஸ் மீள்வது ஏன் கடினமாயிற்று?

சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் பெறுமதியை இறக்கி ஏற்றுமதியையும் சுற்றுலாவையும் ஊக்குவித்திருக்கலாம். இறக்குமதி விலை ஏறினாலும் அது ஒரு வழியே. அவ்வழி இல்லாததால் சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டப்பட்டன. 2013 இல் வேலையின்மை 27% ஐத் தாண்டியது. அதாவது தொழிற்படையில் நால்வரில் ஒருவருக்கு மேல் வேலையில்லை.

நினைவிற் கொள்க: பொது நாணயத்தில் இணையும் நாடு வட்டி வீதம், நாணயமாற்று வீதம் ஆகிய இரு கருவிகளையும் கைவிடுகின்றது. எஞ்சுவது பாதீடு மட்டுமே. அதில் ஒரு நாடு தவறினால் எல்லா நாடுகளும் சுமக்க நேரிடும்.

மாதிரி வினா: பொது நாணயத்தைப் பயன்படுத்தும் நாடுகளிடையே இறைக் கொள்கை ஒருங்கிணைப்பு அவசியமாவதற்கான காரணங்கள் இரண்டினை உதாரணத்துடன் விளக்குக.