ரசிகர் பக்கத்தின் வரவு செலவு

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, அலுவல் நேரம் முடியும் தறுவாயில், கல்லூரி மாணவி ஒருவர் எங்கள் கிளைக்கு வந்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குச் செலுத்தவேண்டிய தொகையை அவருடைய புதிய டெபிட் அட்டை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தது. எதற்கான தொகை என வினவினோம். யுசுரு ஹன்யூ என்னும் ஜப்பானிய ஃபிகர் ஸ்கேட்டிங் வீரருக்காகத் தாம் ஐந்து ஆண்டுகளாக நடத்திவரும் இணையப் பக்கத்தின் முகவரி காலாவதியாகிவிட்டது என்றும், அதனை மீட்க நான்கு நாள்களே எஞ்சியுள்ளன என்றும் கூறினார். "அந்தப் பெயரை வேறு யாரேனும் வாங்கிவிட்டால், என்னை நம்பி வருகிறவர்களிடம் அவர்கள் பணம் கேட்பார்களே, ஐயா" என்பதே அவருடைய கவலை.

அட்டையில் பழுது ஏதுமில்லை. புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி தொடக்கத்தில் முடக்கப்பட்டே இருக்கும். வாடிக்கையாளரே அதனை இயக்கிக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கைபேசிச் செயலியில் இரண்டு நிமிடங்களில் அவ்வேலை முடிந்தது. ஆயினும் அவர் தம் பக்கத்தை நடத்தும் முறையை விவரித்தபோது, அதற்கும் எங்கள் பேரேட்டிற்கும் இத்தனை ஒற்றுமையா என வியந்தோம். தொடங்குவதற்கு அன்பு போதும். தொடர்வதற்கு ஒழுங்கு வேண்டும்.

வீரரும் ரசிகரும்

ஹன்யூ 1994 டிசம்பர் 7 அன்று செண்டாய் நகரில் பிறந்தவர். 2011 மார்ச் 11 அன்று பெருநிலநடுக்கம் ஏற்பட்டபோது அந்நகரின் பனித்தளத்தில் பயிற்சியில் இருந்தார். சறுக்குக் காலணிகளுடனேயே வெளியே ஓடினார். அப்போது அவருக்கு வயது 16. பின்னர் 2014இல் சோச்சியிலும் 2018இல் பியோங்சாங்கிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆடவர் பிரிவில் அடுத்தடுத்து இரு தங்கம் வெல்வது, 1948, 1952ஆம் ஆண்டுகளில் அமெரிக்கரான டிக் பட்டன் வென்றபின் அதுவே முதன்முறை. தம் சுயசரிதையின் உரிமைத்தொகையைச் செண்டாய்ப் பனித்தளத்திற்கே வழங்கியவர் அவர். அவர் ஆடி முடித்ததும் ரசிகர்கள் வின்னி த பூ கரடி பொம்மைகளை மழையெனப் பொழிவது வழக்கமாக இருந்தது. அரங்கிற்குச் செல்ல இயலாதவர்கள் என்செய்வர்? இம்மாணவியைப் போன்றோர் ஒரு பக்கத்தைத் தொடங்குகின்றனர்.

பதிவில் நேர்மை

இத்தகைய பக்கத்தின் உயிர் எண்களில் உள்ளது. 2015 டிசம்பரில் பார்சிலோனாவில் ஹன்யூ பெற்ற மொத்தப் புள்ளி 330.43, அன்று அது உலக சாதனை. ஆனால் ஒவ்வொரு தாவலும் சுழற்சியும் எவ்வளவு தரமாகச் செய்யப்பட்டன என்பதற்கு அதுவரை -3 முதல் +3 வரை வழங்கப்பட்ட மதிப்பு, 2018-19 பருவம் முதல் -5 முதல் +5 வரை என மாறியது. முந்தைய சாதனைகளை வரலாற்றுப் பதிவுகளாகச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தனியே பிரித்துவிட்டது. எனவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே பட்டியலில் நிறுத்துதல் பிழை. கணக்கியல் முறை மாறிய ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பை முந்தைய ஆண்டுடன் அப்படியே ஒப்பிடுவோமா?

பற்றையும் வரவையும் போலத் தோல்வியையும் வெற்றியையும் ஒருங்கே எழுத வேண்டும். 2022இல் பெய்ஜிங்கில் ஹன்யூ நான்கு சுற்று ஆக்சல் தாவலை முயன்றார், கீழே விழுந்தார், நான்காம் இடமே கிடைத்தது. அத்தாவலைப் போட்டியில் முதன்முதலில் நிறைவாகச் செய்தவர் அமெரிக்கரான இல்யா மாலினின், அதே ஆண்டு செப்டம்பரில். "இதை எழுதும்போது மனம் வலித்தது, ஆனாலும் எழுதினேன்" என்றார் மாணவி. அந்த ஒரு வரிக்காகவே அவருடைய பக்கத்தின் மற்ற வரிகளை நம்பலாம் என எங்களுக்குத் தோன்றியது.

பிறருக்குரியவை

ஒளிப்படத்தின் உரிமை அதனை எடுத்தவருக்கோ அவர் சார்ந்த நிறுவனத்திற்கோ உரியது. போட்டிக் காணொளிக்கும் உரிமையாளர் உண்டு. நகலெடுத்து இடுவதைவிட அதிகாரப்பூர்வக் காணொளிக்கு இணைப்புக் கொடுப்பதே முறை. வீரரோடு தொடர்பற்ற ரசிகர் பக்கம் இது என்னும் அறிவிப்பும் முகப்பிலேயே இருத்தல் வேண்டும்.

இன்னொன்று, வீரரின் தனிவாழ்க்கை. 2023 ஆகஸ்டில் தம் திருமணத்தை அறிவித்த ஹன்யூ, அவ்வாண்டு நவம்பரிலேயே மணவிலக்கையும் அறிவிக்க நேர்ந்தது. தம் துணைவியாரும் இருவரின் உறவினரும் அவதூறுக்கும் பின்தொடரல்களுக்கும் ஆளானதை அவரே அறிக்கையில் குறிப்பிட்டிருந்தார். பனித்தளத்தில் நிகழ்வது மட்டுமே ரசிகருக்கு உரியது. இல்லத்தில் நிகழ்வது அன்று.

பணம் சேரும்போது

பின்தொடர்வோர் பெருகினால் நன்கொடை, பரிசு, நிகழ்ச்சிச் சீட்டு எனப் பணப்பேச்சு எழும். பிறர் பணத்தைத் தம் சேமிப்புக் கணக்கில் கலத்தல் ஆகாது. தனிக் கணக்கு, இரு பொறுப்பாளர், பக்கத்திலேயே வரவு செலவு வெளியீடு ஆகிய மூன்றும் இன்றி ஒரு ரூபாயும் திரட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைக்குத் தனிச் சட்டம் உண்டு. எனவே கிளையில் கேட்டறியாமல் ஏற்க வேண்டா. ரசிகர் பக்கத்தில் சீட்டு விற்பதாகக் கூறி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. ஏமாற நேர்ந்தால் தாமதமின்றி 1930 என்னும் உதவி எண்ணை அழையுங்கள்.

முகவரியும் வாரிசும்

1990களில் உலகெங்கும் எண்ணற்ற ரசிகர் பக்கங்கள் ஜியோசிட்டீஸ் என்னும் இலவசத் தளத்தில் குடியிருந்தன. 2009 அக்டோபரில் அமெரிக்காவிலும், 2019 மார்ச் 31 அன்று ஜப்பானிலும் அச்சேவை மூடப்பட்டது. வேறிடத்தில் படி எடுத்து வைக்காதவர்களின் பல்லாண்டு உழைப்பு மறைந்தது. ஆகவே சொந்த முகவரி நல்லது. ஆனால் அதற்கும் தவணை உண்டு. முகவரியைத் தானியங்கிப் பற்றின் மூலம் புதுப்பித்தால், தொகை கழிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் அறிவிப்பு வரும். அதனைப் படிக்கத் தவறாதீர்கள். அட்டை மாறினால், புதிய எண்ணை உடனே பதிவு செய்யுங்கள். மாணவி தவறியது இவ்விடத்தில்தான்.

வங்கிக் கணக்கிற்கு நியமனதாரரைக் குறிப்பிடுவது போல, பக்கத்திற்கும் இரண்டாம் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும் என அவரிடம் கூறினோம். மறுவாரம் வந்தபோது, முகவரி மீண்டது என்றும், தோழி ஒருவரைப் பொறுப்பாளராகச் சேர்த்துவிட்டதாகவும் தெரிவித்தார். 2022 ஜூலை 19 அன்று ஹன்யூ போட்டிகளிலிருந்து விலகி, தொழில்முறைக் கலைஞரானார். "அவர் போட்டியிடாவிட்டாலும் பக்கம் இருக்க வேண்டும், ஐயா. இனி வருகிறவர்களுக்கு அவரை யார் சொல்வது?" என்றார் மாணவி.

தாங்களும் இத்தகைய பக்கம் ஒன்றை நடத்துவீர்களாயின், அதனைப் புதுப்பிக்க வேண்டிய நாளை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.