கீரை விதைகளின் பல்வகைமையைப் பேணுதல்

நெல் விதையைத் தெரிந்தெடுப்பதிற் காட்டும் கவனத்தைக் கமக்காரர்களுட் பலர் கீரை விதையிற் காட்டுவதில்லை. கீரை மூன்று நான்கு கிழமைகளிற் பிடுங்கப்படும் சிறுபயிர். அதன் விதை கடையிலோ அயலவரிடமோ எளிதிற் கிடைப்பது. இதுவே அதற்குக் காரணமாகும். ஆயினும் உவர் நிலத்திற் கருகாத கீரை, மாரிமழையில் இலைநோய் பிடியாத கீரை, காலத்துக்கு முந்திப் பூவாத கீரை ஆகியவற்றை உருவாக்குவதற்கு வேண்டிய மூலப்பொருள், கமக்காரர் வீடுகளில் உள்ள பலவகை விதைகளேயாகும். ஓர் இனம் அடியோடு அழிந்துவிட்டால் அதனை அவ்வாறே மீளப் பெறுதல் இயலாது. எனவே அவ்விதைகளைக் காக்கும் முறையைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

கீரையிற் காணப்படும் வேற்றுமைகள்

நாம் பொதுவாகக் கீரை என்றும் சிங்கள மக்கள் தம்பலா என்றும் வழங்கும் செடிகளைத் தாவரவியலார் ‘அமராந்தசு’ என்னும் பெயரால் அழைப்பர். இவற்றுட் சிலவற்றின் இலை முழுப்பச்சை; சிலவற்றினது கருஞ்சிவப்பு; சிலவற்றிற் பச்சை இலையின் நடுவே சிவப்புப் படர்ந்திருக்கும். சில ஒருமுறை பிடுங்குவதற்கே உரியன. சில வெட்ட வெட்டத் தழைப்பன. சில இலைக் கக்கங்களிற் பூப்பன. சில உச்சியில் நீண்ட கதிர் விடுவன. வேலியோரத்தில் தானே முளைக்கும் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் இவற்றின் உறவுகளே.

கண்ணுக்குப் புலனாகாத வேற்றுமைகளும் உள. ஒரு செடி உவர்நீரை எவ்வளவு பொறுக்கும், எந்த நோயை எதிர்க்கும், பகற்பொழுது குறுகுங் காலத்தில் உடனே பூக்குமா என்பன அத்தகையவை. இக்குணங்கள் பரம்பரை அலகுகள் வழியாகத் தாய்ச்செடியிலிருந்து விதைக்குச் செல்கின்றன. ஒரே பயிரில் இவ்வாறு பலவகைப் பரம்பரை அலகுகள் பரந்து கிடப்பதையே பல்வகைமை என்கிறோம்.

பல்வகைமையாற் பெற்ற பயன்கள்

இதனை நெல்லைக்கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கேரளக் கரையோரத்து உவர் வயல்களில் வழிவழியாகப் பயிரிடப்பட்டு வரும் நெல் பொக்காளி ஆகும். அது உயர்ந்து வளர்ந்து சாயும் இயல்புடையது. எனினும் உவரைப் பொறுக்கும் அதன் குணத்தைப் பயன்படுத்தியே, அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஏ.ரி. 354 என்னும் நெல்லினம் உருவாக்கப்பட்டு, 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. விளைச்சல் குறைந்த நெல்லென்று பொக்காளியை அக்கமக்காரர் கைவிட்டிருப்பின், உவர் வயல்களுக்குரிய இவ்வினம் நமக்குக் கிடைத்திராது.

கீரையிலும் இதற்கு உதாரணங்கள் உண்டு. கேரளத்தில் மழைக்காலங்களிற் சிவப்புக்கீரையின் இலைகள் ஒருவகைப் பூஞ்சண நோயினால் வெளிறிய புள்ளிகள் விழுந்து பயனற்றுப் போவதுண்டு. கோயம்புத்தூரில் தெரிந்தெடுக்கப்பட்ட ‘கோ 1’ என்னும் பச்சைக்கீரை அந்நோயை எதிர்ப்பதாகக் காணப்பட்டது. ஆகவே நோய் மிகுந்த இடங்களிற் சிவப்புக்கீரையோடு கோ 1 கீரையையும் கலந்து பயிரிடுமாறு கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்தது. பகற்பொழுது குறுகும் மாதங்களிற் சில சிவப்பினங்கள் விரைவிற் பூத்து வீணாகும். அங்கு உள்ளூர் இனமொன்றிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட ‘அருண்’ என்னும் சிவப்புக்கீரைக்கு அக்குறை இல்லை. இவையெல்லாம் ஊரில் இருந்த விதையிலிருந்து பெறப்பட்டவையே.

வன்னியில் இதன் அவசியம்

ஆனையிறவுக் கடல்நீரேரியை அடுத்த தட்டுவன்கொட்டி, உமையாள்புரம், இயக்கச்சி போன்ற இடங்களில் உவரின் தொல்லையைக் கமக்காரர் நன்கறிவர். கோடையிற் கிணற்றுநீர் உவர்ப்பாக மாறும்போது கீரையின் இலை ஓரங் கருகி, செடி குறுகி நின்றுவிடும். கீரை இயல்பாகவே ஓரளவு உவரைத் தாங்கும் பயிராயினும், எல்லா இனங்களும் ஒரே அளவில் தாங்குவதில்லை. தாங்கும் இனத்தைத் தேடுவதற்குப் பல இனங்கள் கைவசம் இருத்தல் வேண்டும்.

ஆனால் நம்மிடையே விதைகள் குறைந்துள்ளன. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோது, கூரையிலும் அடுப்படியிலும் கட்டிவைத்த வீட்டு விதைகளை எடுத்துச்செல்ல இயலவில்லை. மீளக் குடியேறியபின் பெரும்பாலும் கடை விதைகளே விதைக்கப்பட்டன. 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்திலும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல வீடுகளில் நீர் புகுந்தது. ஆகையால் இன்று ஒரு மூதாட்டியின் போத்தலில் எஞ்சியிருக்கும் ஒரு பிடி விதை, அவ்வூரின் கடைசி விதையாகவும் இருக்கலாம்.

உவர் தாங்கும் செடிகளைத் தெரிதல்

இதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள ஒவ்வோர் இனத்தையும், அயலில் வேண்டிப் பெற்றவற்றையும், உவர் படும் ஓரத்தில் ஒரே நாளிற் சிறு வரிசைகளாக விதையுங்கள். எல்லாவற்றிற்கும் ஒரே நீரை ஊற்றுங்கள். இலை ஓரங் கருகாது நன்கு வளரும் செடிகளைக் குச்சி நட்டு அடையாளஞ் செய்து, அவற்றின் விதையை வேறாக எடுத்து வையுங்கள்.

ஒரு செடி நன்கு வளர்ந்தமைக்கு அச்செடி நின்ற இடம் மட்டும் நல்லதாய் இருந்ததே காரணமாகவும் இருக்கலாம். ஆதலின் அடுத்தமுறை அவ்விதையையும் சாதாரண விதையையும் அடுத்தடுத்த வரிசைகளில் விதைத்து, வேறோர் இடத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரண்டு மூன்று முறை இவ்வாறு தேறிய விதையையே நம்பலாம்.

விதைக்கு விடவேண்டிய செடிகள்

பலர் அறியாமற் செய்யும் தவறொன்று உண்டு. நல்ல செடிகளைக் கறிக்குப் பிடுங்கிவிட்டு, முந்திப் பூத்து முற்றிப்போன செடிகளை விதைக்கு விடுகின்றனர். இவ்வாறு ஆண்டுதோறும் செய்துவர, விரைவிற் பூக்கும் குணமே விதையில் மிகும். பின்னர் ‘விதை கெட்டுவிட்டது’ என்று அந்த இனத்தையே கைவிடுவர். இதனைத் தவிர்க்கப் பின்வருவனவற்றைக் கைக்கொள்க:

1. பாத்தியின் ஒரு பகுதியை விதைக்கென ஒதுக்கி, அதிற் கறிக்குப் பிடுங்காது விடுக.
2. அப்பகுதியில் முந்திப் பூப்பனவற்றையும் நோயுற்றனவற்றையும் முதலில் அகற்றுக.
3. ஒரு செடியில் ஆயிரக்கணக்கான விதைகள் கிடைக்குமாயினும், ஒரே செடியின் விதையோடு நின்றுவிடாது இருபது முப்பது நல்ல செடிகளிலிருந்து விதை எடுக்க.
4. கீரையின் மகரந்தம் காற்றினாற் பரவும். ஆகவே ஒரு பருவத்தில் ஓர் இனத்தை மட்டும் பூக்கவிடுக. அயலிலுள்ள முள்ளுக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றைப் பூக்குமுன் களைக.

விதையைச் சேமித்தல்

கதிர்கள் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமடைந்து, கையாற் கசக்கும்போது கரிய விதைகள் உதிருமாயின் அறுக்கலாம். அறுத்த கதிர்களைத் துணியின்மேற் பரப்பிச் சில நாள் உலர்த்தி, அடித்துப் புடைத்து, விதையை மீண்டும் உலர்த்துக. பின்னர் ஈரமற்ற கண்ணாடிப் போத்தலில் இட்டு, வாயை இறுக மூடி, வெப்பம் படாத இடத்தில் வைக்க. போத்தலின்மேல் இனத்தின் பெயர், விதை பெற்ற ஊர், அறுத்த மாதம், ஆண்டு, சிறப்புக்குணம் ஆகியவற்றை எழுதி ஒட்டுக. இரண்டாண்டுக்கு ஒருமுறை விதைத்துப் புதுவிதை எடுத்துக்கொள்க.

விதை முழுவதையும் ஒரே வீட்டில் வைத்தலாகாது. பாதியை வேறூரில் வாழும் உறவினரிடம் கொடுத்து வைக்க. ஓரிடத்தில் வெள்ளமோ வேறு இடரோ நேரினும், மற்றையிடத்து விதை எஞ்சும்.

கமக்காரர் செய்யவேண்டியது

சந்தைக்கெனத் திருந்திய இனங்களைப் பயிரிடுவதை விட்டுவிடுமாறு இங்குக் கூறப்படவில்லை. அவற்றோடு ஒரு சிறு பாத்தியில் ஊர்க்கீரையையும் பேணுமாறே கேட்கப்படுகின்றது. பழைய இனமோ, உவரில் நின்ற செடியோ உங்களிடம் இருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்கு அறிவியுங்கள். கன்னொறுவயில் உள்ள தாவர மரபணு வள நிலையம் நாட்டின் பயிர்விதைகளைத் திரட்டி, உலர்த்தி, குளிரறைகளிற் பாதுகாத்து வருகின்றது. ஆயினும் நம் ஊரின் உவரிலும் வெயிலிலும் ஆண்டுதோறும் விதைத்துத் தெரிந்தெடுக்கும் வேலையைக் குளிரறை செய்யாது. அது கமக்காரர் கையாலேயே ஆகவேண்டும்.